கணுக்காலோடு நின்ற படம்

வெள்ளியம்பாளையம் பஸ் ஸ்டாண்டில், பவானி பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே கிடக்கிற சிமென்ட் பெஞ்சில், தை மாதத்து ஒரு சனிக்கிழமை காலையில் வந்து உட்கார்ந்த குழந்தைவேலு என்கிற மனிதர், தை போய் மாசி போய்ப் பங்குனி பிறந்தும் எழுந்திருக்கவில்லை, எழுந்திருக்க முடியவில்லை, ஏனென்றால் அவரைப் படம் வரைந்த பெண் அவருக்குக் கால் போடாமல் விட்டுவிட்டாள். இதில் வாயைப் பிளக்க ஒன்றுமில்லை. கால் போடாத மனுஷன் எப்படி எழுந்து நடப்பான் என்று அந்த ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைகூடக் கேட்கும். வாயைப் பிளக்க வேண்டிய விஷயம் வேறொன்று இருந்தது, ஒரு பெண்பிள்ளையை உட்காரவைத்து வருஷம் முழுக்கப் படம் சொல்லிக்கொடுத்தவர்கள் மனுஷனுக்குக் கால் உண்டு என்பதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்ட விஷயம், அதைப் பற்றித்தான் ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

அந்தப் பெண் பெயர் சௌடாம்பிகா. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் இஞ்சினியரிங்குக்குப் போகாமல், டிசைன் யுனிவர்சிட்டிக்குத்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அந்த மாதிரி இடங்களுக்கு நேரே போய்விட முடியாதாம், அதற்கு முன்னால் ஃபவுண்டேஷன் என்று ஒரு வருஷம் படிக்க வேண்டுமாம், நல்ல படங்களாகச் சேர்த்து போர்ட்ஃபோலியோ கட்டிக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போக வேண்டுமாம். வீடு கட்டத்தான் அஸ்திவாரம் போடுவார்கள், படம் போடக்கூடவா என்று அவளுடைய சித்தப்பா கேட்டார், ஒரு வருஷம் தண்டம் என்று எல்லாக் கல்யாண வீட்டிலும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த இன்டர்வியூவில் ஜெயிக்காவிட்டால் அவர் முகத்தில் முழிக்கவே கூடாது என்று சௌடாம்பிகா நினைத்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு சீட்டுதான், தூக்கத்திலும் அதுதான்.

அவள் சேர்ந்த இடம் கலாநயா டிசைன் அகாடமி. கீழே டைல்ஸ் கடை, மேலே அகாடமி. நடத்துகிறவர் விஸ்வா சார், அப்பா அம்மா வைத்த பெயர் விஸ்வநாதன், கொஞ்ச காலம் ஓவியக் கல்லூரிக்குப் பேர் போன பரோடாவில் இருந்துவிட்டு வந்த பிறகு பெயரில் பாதியை அங்கேயே விட்டுவிட்டார். கதர் ஜிப்பா, கொண்டை, கறுப்புக் கண்ணாடி, கையில் எந்நேரமும் ஆறிப்போன பிளாக் காபி. புளியங்கொட்டை ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்து மாதக்கணக்கில் அதையே பார் என்பார், பார்த்தவன் வரையட்டுமா என்று கேட்டால் இன்னும் நீ பார்க்கவில்லை என்பார். அட்டையில் நாற்காலி செய்யச் சொல்வார், அதில் உட்கார்ந்தால் நாற்காலி போய்விடும், உட்காருவது நாற்காலியின் நோக்கமே இல்லை என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். பெற்றவர்கள் வந்து பிள்ளை என்ன கற்றுக்கொண்டான் என்று கேட்டால் அவன் இப்போது ஒரு பயணத்தில் இருக்கிறான் என்பார், அவர்களும் என்னமோ ஏதோ என்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

இந்த மகானுக்குக் கால் வரைய வராது. முகம் வரும், கை சுமாராக வரும், வேட்டி மடிப்பு பிரமாதமாக வரும், கணுக்காலுக்குக் கீழே போனால் பென்சில் மக்கர் பண்ணும். வராததை வரவில்லை என்று சொன்னால் குரு எப்படி ஆவது? அதனால் அதற்கு 'தொலைந்த கோடு' என்று ஒரு பெயர் வைத்தார், கணுக்காலுக்கு மேலேயே கோட்டைத் தேய்த்துத் தேய்த்துக் காற்றில் கரைத்துவிட வேண்டும், முடிக்காமல் விடுவதில்தான் கலை இருக்கிறது, காலை வரைகிறவன் பெயின்டர், விடுகிறவன் ஆர்ட்டிஸ்ட் என்று போர்டில் எழுதிப் போட்டார். பிள்ளைகளுக்குக் கசக்குமா, கால் வரைவதுதான் இருப்பதிலேயே கஷ்டம், எல்லோரும் ஆனந்தமாகத் தொலைத்தார்கள். அகாடமியின் சுவரெல்லாம் மாட்டியிருந்த படங்களைப் பார்த்தால் ஊருக்குள் கணுக்காலளவு வெள்ளம் வந்து அதில் ஜனங்கள் நிற்பது மாதிரி இருக்கும்.

சனிக்கிழமைதோறும் பஸ் ஸ்டாண்டில் ஸ்கெட்ச் கிளாஸ். எத்தனையோ பேரை எத்தனையோ பிள்ளைகள் காலில்லாமல் வரைந்தார்கள், ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் அந்தப் படங்கள் ஒருத்தர் ஜாடையிலும் இல்லை. சௌடாம்பிகா அன்றைக்குக் குழந்தைவேலுவை வரைந்தது அப்படி இல்லை. சலவை வேட்டி, புதுத் துண்டு, கன்னத்தில் அடக்கின வெற்றிலை, மடியில் மஞ்சள் பை, பையை இரண்டு கையாலும் பிடித்திருந்த பிடி, பவானி பஸ் வருகிற திசையையே பார்த்திருந்த கண், எல்லாம் அவள் கையில் தானாக வந்து இறங்கியது. அவளுக்கே உடம்பு புல்லரித்தது. கணுக்கால் வந்ததும் பழக்க தோஷத்தில் விரலை எச்சில் தொட்டுத் தேய்த்துக் கரைத்துவிட்டு, ஸ்கெட்ச் பேடை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

பஸ் வந்தது, குழந்தைவேலு எழப்போனார், எழ முடியவில்லை. இடுப்புக்குக் கீழே உடம்பு லீவு போட்டுவிட்டது. கண்டக்டர் இரண்டு தடவை விசிலடித்துப் பார்த்தார், பேக்கரிக்காரர் சதாசிவம் வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தார், ஆட்டோ ஸ்டாண்டே வந்து தூக்கிப் பார்த்தது, டாக்டர் வந்து முழங்காலில் தட்டிப் பார்த்துவிட்டு வாயு என்றார். வாயு என்றால் வாயுதான் என்று அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள்.

அவர் போக வேண்டியிருந்த இடம் சாதாரண இடம் இல்லை. பவானியில் அவருடைய தங்கச்சி நாச்சாயி மகனுக்கு அன்றைக்குச் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, மறுநாள் முகூர்த்தம், இவர் தாய்மாமன், பையில் இருந்தது தாய்மாமன் சீர் வேட்டியும் சேலையும். அதே பையனுக்குச் சின்ன வயதில் காது குத்தினபோது இவர் வந்த பஸ் வழியில் நின்றுபோய், நேரம் தவறிவிட்டது என்று பிள்ளையை வேறு யார் மடியிலேயோ உட்காரவைத்துக் குத்திவிட்டார்கள். என் மடி எதற்கு இருக்கிறது என்று இவர் சண்டை போட, நேரத்துக்கு வராத மடி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று அவள் சொல்ல, அன்றைக்கு அறுந்த பேச்சு. மனைவியும் போய்ச் சேர்ந்து ஒண்டிக்கட்டையாக இருந்தவருக்கு வீம்பு கரைந்து, வருகிறேன் என்று இவரே போன் பண்ணிக் கிளம்பின கிளம்பல் அது. கல்யாணம் அவர் இல்லாமலே நடந்தது. விஷயத்தைக் கேள்விப்பட்ட நாச்சாயி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தவனுக்குப் பஸ்ஸில் ஏறத் தெரியவில்லையா, அவன் வீம்பு எனக்குத் தெரியாதா என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். அதைக் கேட்டு அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

அடுத்த சனிக்கிழமை சௌடாம்பிகா வந்து பார்த்தபோது அவர் அதே வேட்டியில், அதே வெற்றிலையை அதே கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பசி இல்லை, தாகம் இல்லை, தாடிகூட வளரவில்லை. கணுக்காலுக்குக் கீழே மட்டும் பாதமும் செருப்பும் ரப்பர் போட்டு அழித்தது மாதிரி வெளுத்துப் போயிருந்தன. அவள் பேடைத் திறந்து காட்டினாள். அவர் படத்தைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார்.

"அதானே பாத்தேன்," என்றார். "காலு எங்கீங்க அம்மிணி?"

அவள் பேடை மூடினாள். கால் வரையத் தெரியாது என்று எப்படிச் சொல்லுவாள்? இது தொலைந்த கோடு என்று முணுமுணுத்தாள்.

"தொலச்சது நீங்க, ஒக்காந்திருக்கறது நானுங்களா?"

பஸ் ஸ்டாண்டு முழுக்க ஒரு வாய் போல ஆமாமாம் என்றது, வாயு இல்லை, கால்தான் என்று சதாசிவம் டாக்டருக்குச் சொல்லி அனுப்பினார். சௌடாம்பிகா படத்தைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக அகாடமிக்குப் போய், சார், கால் போடக் கற்றுக்கொடுங்கள் என்று நின்றாள்.

விஸ்வா சார் படத்தைப் பார்த்தார், ஜன்னல் வழியாகப் பஸ் ஸ்டாண்டைப் பார்த்தார், காபியைக் கீழே வைத்தார். அந்த மனிதர் அகாடமி திறந்த நாள் முதல் காபியைக் கீழே வைத்தது அன்றைக்குத்தான். படத்தை அன்றே கண்ணாடி போட்டு ஃபிரேம் பண்ணி ஹாலில் மாட்டினார், இதுதான் உன் போர்ட்ஃபோலியோவின் முதல் பக்கம், இதற்கு மேல் ஒரு புள்ளி வைத்தாலும் உன் சீட்டு போச்சு என்றார். மறுநாள் விடிகிறபோது பஸ் ஸ்டாண்டு எதிரில் ஃபிளெக்ஸ் நின்றது, மனிதனையே நிறுத்திய கோடு, கலாநயா மாணவியின் சாதனை, அடுத்த ஆண்டு அட்மிஷன் ஆரம்பம். சித்தப்பா அந்த ஃபிளெக்ஸுக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார், எங்கள் குடும்பத்துக்கே கைவளம் உண்டு என்றார்.

ஊருக்கு ஒரு விஷயம் பழகிப்போக எவ்வளவு நாள் ஆகும்? எங்கேயும் போகமாட்டாத ஆள் ஒருத்தர் பஸ் ஸ்டாண்டில் கிடைப்பது லேசான காரியமா என்ன, ஜனங்கள் அவரிடம் மூட்டையை விட்டார்கள், பையை விட்டார்கள், கைக்குழந்தையை விட்டார்கள், எப்படியும் நீங்கள் இங்கேதானே இருக்கப்போகிறீர்கள் என்று சாவியைக்கூட விட்டார்கள். பசிக்காத மனுஷனுக்கு முறுக்கும் பன்னுமாக வாங்கிவந்து மடியில் வைத்தார்கள். எந்த பஸ் எப்போது வரும் என்று அவரைக் கேட்டார்கள், அவர் சொன்னது போர்டில் எழுதியிருந்ததை விடச் சரியாக இருந்தது. கவுன்சிலர் அவர் தலைக்கு மேலே தகரக் கூரை போட்டுத் தன் பெயரை எழுதினார், எதிர்க்கட்சிக்காரர் ஆக்கிரமிப்பு என்று மனுக் கொடுத்தார், பிறகு அவரும் ஒரு குடை கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். பெஞ்சுகளுக்கு நீலப் பெயின்ட் அடிக்க வந்தவர்கள் அவரைச் சுற்றி அடித்துவிட்டுப் போனார்கள். விஸ்வா சார் புதிது புதிதாகப் பெற்றோர்களைக் கூட்டிவந்து, ஒரு குச்சியை வைத்து அவருடைய வெளுத்த பாதத்தைச் சுட்டி, வெற்றிடத்தின் வலிமையைப் பாருங்கள் என்றார். வெற்றிடம் அவரை நிமிர்ந்து பார்த்து, எப்போங்க காலு போடுவீங்க என்று கேட்டது. அதற்கு விஸ்வா சார் குச்சியை மடக்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

கூசாமல் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க சௌடாம்பிகாவால் முடியவில்லை, ஆனால் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், அதையும் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு சீட்டு வேண்டும். அந்த மனிதர் எழுந்திருக்கவும் வேண்டும். இரண்டும் வேண்டும் என்று நினைக்கிறபோதெல்லாம் பென்சிலைக் கையில் எடுத்தாள். சீரியல் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவின் காலை வரைந்தாள், மரவள்ளிக் கிழங்கு மாதிரி வந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, இதென்ன எனக்கு யானைக்காலா என்றாள். பஸ் ஸ்டாண்டில் குழந்தைவேலு பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து போகிற வருகிற காலையெல்லாம் வரைந்தாள், பித்தவெடிப்புக் கால், மெட்டிக் கால், பள்ளிக்கூட ஷூ, ஒரு வார் அறுந்து ஊக்கு குத்தின செருப்பு. ஜில்லாவில் இருக்கிற கால் எல்லாம் ஒரு நாளில் ஒரு தடவையாவது வந்து மிதிக்கிற இடம் அது. சுண்டு விரல் எங்கே ஆரம்பிக்கிறது என்பது மட்டும் பிடிபடாமல் படுத்தியது.

பங்குனியில் நாச்சாயி சூரத்துக்குப் போகிறாள் என்று சேதி வந்தது. மகனுக்கு அங்கே தறிப் பட்டறையில் வேலை, மருமகளோடு அவளும் ஒரேயடியாகப் போகிறாள், திங்கட்கிழமை மத்தியானம் ஈரோட்டில் ரயில். போனால் போனதுதான், இனிமேல் எந்தக் காலத்தில் பார்ப்பது? அதே வாரம் வியாழக்கிழமை சௌடாம்பிகாவுக்கு இன்டர்வியூ. சேதி சொன்ன ஆள் போன பிறகு குழந்தைவேலு அவளிடம் காலைக் கேட்கவில்லை. மடியில் இருந்த மஞ்சள் பையை எடுத்து அவள் பக்கம் நீட்டினார்.

"நீங்களாச்சும் போயி இதக் குடுத்துருங்க அம்மிணி. நேரத்துக்கு எடுத்துட்டு வந்தேன்னு மட்டும் சொல்லிப்போடுங்க."

அவள் பையை வாங்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் கலாநயாவின் ஹாலில் அடுத்த வருஷத்துப் பிள்ளைகளும் பெற்றோர்களும் நிரம்பி வழிந்தார்கள். சௌடாம்பிகா நேரே போய் ஃபிரேமைச் சுவரிலிருந்து இறக்கினாள். விஸ்வா சார் நடுவில் வந்து நின்றார், காலைப் போட்டால் இது கேலண்டர் படம், உன் சீட்டுக்கு நீயே கொள்ளி வைக்கிறாய் என்றார்.

"சார், நீங்க ஒரே ஒரு தடவ கால் வரஞ்சு காட்டுங்க. இத மாட்டிட்டுப் போயிடறேன்."

விஸ்வா சார் சிரித்தார், போர்டுக்குப் போனார், சாக்பீஸை எடுத்தார். முழங்கால் வந்தது, கெண்டைக்கால் வந்தது, என்ன ஒரு லாகவம், பெற்றோர்கள் கழுத்தை நீட்டினார்கள். கணுக்கால் எலும்பு வந்தது. அங்கே போய்க் கை நின்றது. கட்டை விரல் தானாகப் போய்க் கோட்டைத் தேய்த்தது, மறுபடி போட்டார், மறுபடி தேய்த்தது, மறுபடி போட்டார், ஏதோ ஒரு கிழங்கு வந்தது, அதையும் தேய்த்தார். பின் வரிசையில் ஒரு சின்னப் பிள்ளை, அந்த அங்கிளுக்குக் கால் வராதா அம்மா என்று கேட்டது. அவர் வாட்சைப் பார்த்தார், முக்கியமான ஒரு போன் வர வேண்டும் என்றார். சௌடாம்பிகா அதற்குள் ஃபிரேமோடு படியிறங்கியிருந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் கூட்டம் அவளைச் சூழ்ந்துகொண்டது, நீங்கள் நினைப்பது மாதிரி வாழ்த்துச் சொல்ல இல்லை. தேர்த் திருவிழா வருகிறது, அது முடியட்டுமே என்றார் கவுன்சிலர். இத்தனை மூட்டையையும் யார் பார்த்துக்கொள்வது என்று ஒரு அம்மாள் சண்டைக்கே வந்தாள். சதாசிவம் மட்டுமாவது நல்லதாகச் சொல்லுவார் என்று பார்த்தால், அவருக்கு இங்கே என்ன குறை வைத்தோம் என்று அவர் கேட்டார். அவளுக்கு அந்த முகங்களைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது, தன் முகமும் இத்தனை நாள் அந்தக் கூட்டத்தில்தானே இருந்தது என்று நினைத்தபோது அதைவிட அருவருப்பாக இருந்தது. குழந்தைவேலு முன்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஃபிரேமின் கண்ணாடியைக் கழற்றினாள்.

"நல்லா வராதுங்ண்ணா. கொஞ்சம் முன்னபின்னதான் வரும்."

"கால்னு ஒண்ணு வந்தாச் சரிங்க."

இடது கால் வந்தது. வரும்போதே அவருடைய வெளுத்த பாதத்தில் நிறம் ஏறியது, விரல்கள் ஒவ்வொன்றாக அசைந்தன, செருப்புக்கு வார் வந்தது. வலது காலில் சுண்டு விரல் தகராறு பண்ணியது. ரப்பர் போட்டு அழித்தபோது அவருக்குக் கிச்சுகிச்சு மூட்டியது, நெளிந்து, அதோட விடுங்க அம்மிணி, பஸ் வந்துருச்சு என்றார். பவானி பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது, பவானியில் இறங்கினால் அடுத்த வண்டியில் ஈரோடு. பாதம் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பினபடியே அவள் கோட்டை முடித்துப் பென்சிலை எடுத்தாள்.

குழந்தைவேலு எழுந்தார். கன்னத்தில் இருந்த வெற்றிலையைத் துப்பினார். இரண்டு எட்டு வைத்தார், வலது கால் லேசாக இழுத்தது.

"கொஞ்சம் இழுக்குதுங்க அம்மிணி."

"ஒரு நிமிசம் உக்காருங்ண்ணா, சரி பண்ணிடறேன்."

"ஒக்கார்றதா?" என்றார் அவர். அவளை ஒரு பார்வை பார்த்தார், பெஞ்சை ஒரு பார்வை பார்த்தார், மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு காலை இழுத்து இழுத்து ஓடிப்போய்ப் பஸ்ஸில் ஏறினார். பஸ் காலியாகத்தான் இருந்தது. கண்டக்டர் உட்காருங்கள் உட்காருங்கள் என்று எவ்வளவோ சொல்லியும் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனார் என்று பிற்பாடு அந்தக் கண்டக்டரே சொன்னார். ஈரோட்டு பிளாட்பாரத்தில் நாச்சாயி அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் முதலில் பார்த்தாளாம். என்னண்ணா இது, யாரோ கிறுக்கி வெச்ச மாதிரி இருக்கு என்றாளாம், குனிந்து அந்தக் கோணல் பாதத்தைத் தொட்டுப் பார்த்தவள் நிமிராமலே அழுதாளாம். ரயில் நகர்கிறவரைக்கும் அவர் உட்காரவே இல்லையாம்.

வியாழக்கிழமை இன்டர்வியூவில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். படத்தைக் கையில் வாங்கியதும் மூன்று பேருக்கும் மூச்சு நின்றது, முகத்திலிருந்து கைக்கு, கையிலிருந்து வேட்டிக்கு என்று வந்த பார்வை கால் வந்ததும் சுருங்கியது. அவர்களில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கணுக்காலோடு நிறுத்தியிருந்தால் இந்த சீட்டு உனக்குத்தான் என்றார்.

"தெரியுமுங்க," என்றாள் சௌடாம்பிகா.

வரும் வழியெல்லாம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். ஒரு வருஷம் தண்டம் என்று சித்தப்பா மறுபடியும் கல்யாண வீடுகளுக்குப் போக ஆரம்பித்தார், அவள் அவர் முகத்தில் முழித்துக்கொண்டுதான் இருந்தாள், ஒன்றும் ஆகிவிடவில்லை. கலாநயாவில் அட்மிஷன் நிரம்பிவிட்டது, கால் வராதவர் என்பதைக் கண்ணால் பார்த்த பெற்றோர்களே முதல் ஆளாகச் சேர்த்தார்கள்.

சனிக்கிழமை வந்ததும் அவள் பேடை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். நீலப் பெஞ்சின் நடுவே குழந்தைவேலு உட்கார்ந்திருந்த அளவுக்குப் பெயின்ட் படாத சிமென்ட் தெரிந்தது. அதன் மேல் கோயம்புத்தூர் பஸ்ஸுக்காக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், கேட்டதும் சரி என்றாள். சௌடாம்பிகா தாளின் அடியிலிருந்து ஆரம்பித்தாள், முதலில் சுண்டு விரல், அப்புறம் மற்ற விரல்கள், குதிகால், செருப்பு. கணுக்காலுக்கு வருவதற்குள் பஸ் வந்துவிட்டது. அந்தப் பெண் எழுந்து போய்விட்டாள்.